கறுப்பு ஹூடி

"என்ன சைஸ் அங்கிள்?" என்று கேட்டாள் கடைப்பிள்ளை.

அத்தாஉல்லா முழித்தார். கொழும்பில் இளசுகள் மட்டுமே ஏறி இறங்குகிற துணிக்கடை அது. பாட்டுச் சத்தம் காதைப் பிளந்தது. மாம்புரியிலிருந்து பஸ் ஏறி வந்த இரண்டு மீன்பிடிக்காரர்களுக்கு அங்கே என்ன வேலை என்று எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ட மகன்ட அளவு" என்றார், கூட வந்தவரைக் காட்டி. "இவர விட உயரம். மெல்லிய ஆள்."

"மகனயும் கூட்டிட்டு வந்திருக்கலாமே அங்கிள். போட்டுப் பாத்து எடுத்திருப்பாரே."

பக்கத்தில் நின்ற அவருடைய மச்சான் முனாஸ்தான், "அவர் வர மாட்டார் பிள்ள. நீங்க எடுங்க" என்றார்.

அவள் கொண்டுவந்தது தொப்பி வைத்த கறுப்பு ஹூடி. முதுகில் வெள்ளைப் பாம்புப் படம். அத்தாஉல்லா அதைத் தடவிப் பார்த்தார்.

"இதேதான்."

விலையைக் கேட்டு முனாஸுக்கு வயிறு எரிந்தது. விலைக்காக மட்டுமில்லை. இதைக் கேட்டவன் கேட்ட இடத்தை நினைத்துத்தான்.

போன மாதம் படகு கவிழ்ந்து அத்தாஉல்லாவின் ஒரே மகன் றிப்னாஸ் மௌத்தாகிவிட்டான். பள்ளிவாசலில், இறந்தவருக்கான ஜனாஸாத் தொழுகைக்கு முன்னால் அத்தாஉல்லா எழுந்து, வழக்கப்படி கேட்டார். "என்ட மகன் யாருக்கும் கடன் கிடன் குடுக்க இருந்தா, யார்ட சாமானாவது அவன்ட கையில இருந்தா, சொல்லுங்க. நான் பொறுப்பு."

அந்த நேரத்தில் வாயைத் திறக்க யாருக்கு மனம் வரும்? ஆனால் பின்வரிசையிலிருந்து ஒருவன் கை தூக்கினான். ஸப்வான். றிப்னாஸோடு ஒரே சஹன் தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன்.

"அவன் உடுத்திருந்த ஹூடி அவன்ட இல்ல மாமா. திருப்பிக் குடுக்கணும்."

அந்த ஹூடியோடுதான் றிப்னாஸைக் கடல் கரையில் போட்டிருந்தது. குளிப்பாட்டும்போது கத்தரிக்கோலால் வெட்டித்தான் கழற்றினார்கள்.

"புதுசு எடுத்துத் தாறன் மகன்" என்றார் அத்தாஉல்லா.

அதோடு விட்டானா? அடக்கம் முடிந்த பிறகும் வந்து நின்றான். "அதே கடையில எடுங்க மாமா. வேற கடையில வேணாம்" என்று கடைப் பெயரையும் சொல்லிவிட்டுப் போனான்.

கூட்டாளியை அடக்க முந்திச் சட்டை கேட்டவன் என்று ஊரே காறித் துப்பியது. அவன் ஸலாம் சொன்னால் பதில் சொல்ல ஆளில்லை. படகுக்காரர்கள் அவனைக் கடலுக்குக் கூட்டிப்போவதையே விட்டுவிட்டார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் முனாஸுக்குப் பொறுக்கவில்லை.

"அவனுக்குத்தான் வெக்கமில்ல. உங்களுக்கு ரோசமும் இல்லாமப் போச்சா மச்சான்?"

மடியில் இருந்த பையை அத்தாஉல்லா இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"கடன் நிண்டா புள்ளட ரூஹு மேல போகாமத் தொங்கிட்டு நிக்கும் முனாஸ். அவன் நிம்மதியாப் படுக்கணும். எனக்கு அது காணும்."

முனாஸ் யன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்று மாலையே ஸப்வானிடம் பையைக் கொடுத்தார்கள். அவன் இரண்டு கையாலும் வாங்கினான். தலை நிமிரவில்லை. திறந்தும் பார்க்கவில்லை.

"போட்டுக்கொண்டு ஊரெல்லாம் சுத்து" என்றார் முனாஸ். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்டுவிட்ட திருப்தி அவருக்கு.

அடுத்த கிழமை கருவாட்டு லொறியோடு முனாஸ் கொழும்புக்குப் போக வேண்டியிருந்தது. சரக்கை இறக்கிவிட்டு நடந்து வந்தவர் சட்டென்று நின்றார். அதே கடை. உள்ளே நுழைகிறவன் ஸப்வான். கையில் அதே பை.

ஓகோ, காசாக்க வந்திருக்கிறாரா துரை!

முனாஸுக்கு இரத்தம் கொதித்தது. கையும் களவுமாகப் பிடித்து, ஊருக்கு இழுத்துப்போய் நிறுத்த வேண்டும். பின்னாலேயே போய், தொங்குகிற உடுப்புகளுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

ஸப்வான் முதலாளிக்கு ஸலாம் சொல்லி, பையை மேசையில் வைத்தான்.

"நாநா, பெருநாள் நேரம் என்ட கூட்டாளி ஒருத்தன் உங்கட கடையில இதே ஹூடிய காசு குடுக்காம ஒளிச்சி எடுத்துட்டான். எனக்கு மட்டும்தான் தெரியும். வந்து காசு குடுக்கத்தான் இருந்தான். அதுக்குள்ள மௌத்தாகிட்டான். இது புதுசு. எடுத்துக்கோங்க."

முனாஸின் கை உடுப்புக் கம்பியைப் பற்றிக்கொண்டது.

முதலாளி பையைத் திறந்து பார்த்தார். அவனையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"யாரு அந்தப் பெடியன்? பேர் என்ன?"

"பேர் கேக்க வேணாம் நாநா. அவன்ட வாப்பாக்கே தெரியாது. மன்னிச்சிப் பொருந்திட்டன் எண்டு மட்டும் சொல்லுங்க."