இலங்கையில் எந்த ஹோட்டல்?

"போட் மெயில் ஏறி இலங்கை வரைக்கும் போய், கடல் தெரியாத ரூமா?" என்று பொரிந்தாள் வகுளா.

"கடல் காத்து எனக்கு ஒத்துக்காது. தோட்டத்துப் பக்கம் ரூம் எடுக்கலாம்" என்றான் சௌரிராஜன்.

"அப்போ நீங்க போர்த்திண்டு படுங்கோ. நான் மணல்ல உட்கார்ந்துக்கறேன்."

சௌரிராஜன் விருட்டென்று வாசலுக்கு வந்தான். சித்திரை வீதியின் எதிர்ச்சாரியிலிருந்து அவன் அம்மா ஓடி வந்தாள்.

"ஏண்டா, பொன்மலை ஒர்க்‌ஷாப்லேர்ந்து நேரா பொண்ணு பார்க்க வரேன்னியே! அங்கே எல்லாரும் காத்துண்டிருக்கா. இந்தாத்துல என்ன பண்றே?"

சௌரிராஜன் திகைத்துப்போய், பின்னாலேயே வாசலுக்கு வந்திருந்த வகுளாவைப் பார்த்தான். "நான் வீடு மாறி வந்துட்டேன்னு சொல்லக்கூடாதா?"

"கல்யாணமானதும் எங்கே போகலாம்னுதானே கேட்டேள்?" என்றாள் அவள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அவன் அம்மா பக்கம் திரும்பினான்.

"அம்மா, நான் பொண்ணு பார்த்தாச்சு" என்றான்.