கிளை கேட்ட நேரம்

தாம்பூலத் தட்டு இன்னும் கை மாறவில்லை.

தங்கத்தாய் அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூடத்தில் மாப்பிள்ளை வீட்டார் பதினோரு பேர். தட்டு மாறிவிட்டால் அவள் மகள் குருவம்மாள் இலத்தூர் வீட்டு மருமகள். பிறகு யாராலும் தடுக்க முடியாது.

யுத்தத்துக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்த வருஷம் அது. சம்பந்தம் பேசியதெல்லாம் ஆண்கள். "பையன் போலீஸில் இருக்கான், வயசு இருபத்துமூணு" என்று மட்டும்தான் புருஷன் நம்பிராஜன் சொல்லியிருந்தார்.

மாப்பிள்ளையின் தாய் முப்பிடாதியம்மாள், ஆனிச் சாரலில் நனைந்த முந்தானையைப் பிழிந்துகொண்டே படியேறினாள். அந்த முகத்தைப் பார்த்ததும் தங்கத்தாய் அடுக்களைக்குள் ஒதுங்கிக்கொண்டாள்.

நம்பிராஜனைப் புறவாசலுக்குக் கூப்பிட்டு, இந்த இடம் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள்.

"ஏட்டி, கிறுக்கா பிடிச்சிருக்கு? வேண்டாம்னா காரணத்தச் சொல்லு."

அதைத்தான் அவளால் சொல்ல முடியாது.

கூடத்தில் சிரிப்பு. மாப்பிள்ளையின் மாமன் முத்துராமலிங்கம் உரக்கச் சொன்னார்: "ஊரையே வெரட்டுத பய, இங்கன வந்து கால் பெருவிரலப் பாத்துக்கிட்டு இருக்கான் பாருங்க."

கதவுக்குப் பின்னால் குருவம்மாளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத் தங்கத்தாய் பார்த்தாள்.

கதை கேட்கும் கண்ணுகளா, எங்கள் சாதியில் கிளை என்னும் குலப்பிரிவு தகப்பன் வழி வராது. தாயின் கிளைதான் பிள்ளைக்கு. ஒரே கிளையில் பிறந்த பையனும் பெண்ணும் அண்ணன் தங்கை. அதனால் தட்டு மாற்றும் முன் கிளை கேட்பார்கள்.

"நாங்க சேதர் கிளை. பொண்ணு என்ன கிளை அண்ணாச்சி?" என்றார் முத்துராமலிங்கம்.

நம்பிராஜன் சாவகாசமாக வாயைத் திறந்தார். "அகத்தியர் கிளை."

"இல்ல."

தங்கத்தாய் கூடத்தின் நடுவில் வந்து நின்றிருந்தாள்.

"அது என்னய வளத்தவ கிளை. பெத்தவ வேற. அவ சேதர் கிளை."



"இருவது வருசமா எங்கிட்ட சொல்லலியே நீ" என்றார் நம்பிராஜன்.

முத்துராமலிங்கம் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "கிளை தெரியாதவ பெத்த பிள்ளைய இனி எவன் கேட்டு வருவான்? ஒனக்கே இது நல்லாருக்கா? சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணு பாப்போம்."

சூடம் கொளுத்தி வைத்தார்கள். கதவுக்குப் பின்னால் யாரோ பொத்தென்று உட்காரும் சத்தம்.

தங்கத்தாய் உள்ளங்கையால் தீயை அழுத்தினாள். சத்தியத்தில் அவள் கிளையின் பெயரைச் சொல்லவில்லை. அதை ஒருவரும் கவனிக்கவில்லை.

"ரெண்டு பிள்ளைகளும் அண்ணன் தங்கச்சி. இது சத்தியம்."

வந்தவர்கள் எழுந்தார்கள். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஒவ்வொருவராக வெளியேறினார்கள். நம்பிராஜன் யாரையும் பார்க்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

முப்பிடாதியம்மாள் மட்டும் போகவில்லை. கிட்டே வந்து தங்கத்தாயின் முகத்தை உற்றுப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து, வெந்த உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள்.

"ஐந்தருவி மண்டபத்துல பச்சப்பிள்ளையா இவனச் சேலையில சுத்தி எங்கையில குடுத்தியே, அந்தச் சேலைய இன்னும் வச்சிருக்கேன் தாயி" என்றாள், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "அவனுக்கு ஒண்ணும் தெரியாது."

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த மாப்பிள்ளை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். கதவுக்குப் பின்னால் குருவம்மாள் தெரிகிறாளா என்று.

நடுவில் நின்ற தங்கத்தாய் மீது அவன் பார்வை படவேயில்லை.