வட்டத்துக்குள்ளை வாங்கோ

"ஐம்பத்தைஞ்சு வயசிலை என்னை ஆடவிட்டுக் கூத்துப் பாக்கப் போறியோ?" என்றார் யோகநாதன்.

"இஞ்சேருங்கோ, ஒரேயொரு ஆட்டம். வட்டத்துக்குள்ளை வாங்கோ."

"லாச்சப்பல் சனம் கண்டால் நாளைக்குக் கடைக்கு அரிசி வாங்க வராது. என்னைப் பாத்துச் சிரிக்கத்தான் வரும்."

கோசலை கையை விடவில்லை. லாச்சப்பலில் ரூ காய்த் தெருவில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற மனுசனை, ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாகக் கடையைப் பூட்ட வைத்து, பூங்காவில் நடக்கிற அயர்லாந்து இசை விழாவுக்கு இழுத்து வந்ததே பெரும்பாடு. "என்னோடை பள்ளிக்கூடக் கன்டீனிலை வேலை செய்யிற ஷார்லோத்தான் ஆட்டம் சொல்லிக் குடுக்கிறாள், போகாட்டிக் குறை நினைப்பாள்" என்று அவள் சொன்னது பாதி உண்மைதான்.

மீதிப் பாதி புல்வெளியின் மற்றப் பக்கத்தில் நின்றது. யோகநாதனின் தம்பி கரிகாலன்!

அண்ணனும் தம்பியும் பேச்சுவார்த்தை இல்லாமல் ஒரு வருசம். தொடக்கி வைத்தது யார்? சாட்சாத் கோசலைதான்.

கரிகாலன் வில்லியே லே பெல் பக்கம் வாங்கின புது வீட்டுக்குக் குடிபூரல். கூடப்பிறந்த தமையனுக்கு நேரில் வந்து சொல்ல வேண்டாமா? கரிகாலனின் மனுசி பிரியதர்சினி, ஊருக்கெல்லாம் அனுப்பின கார்ட்டையே வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டாள். கோசலை போன் எடுத்து நாலு கேட்டாள். அவள் எட்டுத் திருப்பிக் கேட்டாள். மனுசிமார் முறுக்கிக்கொள்ள, புருசன்மாரும் "இனி அவன்ரை முகத்திலை முழிக்கமாட்டன்" என்று நின்றுவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் பெண்டுகள் இரண்டு பேருக்கும் செய்தது உறைத்தது.

"எங்கடை வாயாலை கூடப்பிறந்ததுகள் பிரிஞ்சு போச்சுதுகளே அக்கா!" என்று பிரியதர்சினி ஒருநாள் போனில் அழுதாள். இவளும் அழுதாள். இப்போது ஒருத்தியைக் கேட்காமல் மற்றவள் குழம்புகூட வைப்பதில்லை. எல்லாம் புருசன்மாருக்குத் தெரியாமல்தான்.

அடுத்த மாசம் கரிகாலனின் மகள் லக்ஷனாவுக்குக் கலியாணம். பெரியப்பா இல்லாமல் ஒரு கலியாணமா? அதுதான் இரண்டு பேரும் சேர்ந்து இந்தச் சதியைப் போட்டார்கள்.

ஆட்டம் சுலபம். உள்ளே ஒரு வட்டம், வெளியே ஒரு வட்டம். எதிரே நிற்கிறவரின் இரண்டு கையையும் பிடித்துச் சுற்ற வேண்டும். ஷார்லோத் மைக்கில் "ஷான்ஜே!" என்று கத்தினால் வெளி வட்டம் ஒரு ஆள் தள்ளிப்போகும். ஆண், பெண் என்ற பேதமெல்லாம் இல்லை.

கோசலை புருசனை உள் வட்டத்தில் தனக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். பிரியதர்சினி தன்னுடைய ஆளை வெளி வட்டத்தில் தனக்குப் பின்னால் செருகினாள்.

வயலினும் குழலும் ஒன்றையொன்று துரத்தத் தொடங்கின. பச்சைத் தாடிக்காரன் ஒருவன் யோகநாதனைப் பிடித்துச் சுற்றின சுற்றில், "ஐயோ அம்மா!" என்ற சத்தம் மேடைவரை கேட்டது.

"ஷான்ஜே!"

அடுத்து வந்த வெள்ளைக்காரக் கிழவி சுற்றி முடித்து, கன்னத்தில் ஒரு முத்தமும் வைத்துவிட்டுப் போனாள். யோகநாதனின் காது சிவந்துவிட்டது. கோசலைக்குச் சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது.

"ஷான்ஜே!"

இப்போது அவருக்கு எதிரே பிரியதர்சினி. யோகநாதன் அவளைப் பார்த்தார், அவளுக்குப் பின்னால் நின்ற தம்பியைப் பார்த்தார், பிறகு ஒன்றும் தெரியாதவர் மாதிரி வானத்தைப் பார்த்தார். ஆனால் ஓடவில்லை. பிள்ளையாரே, இன்னும் ஒரேயொரு ஆள்!

பட்டென்று இசை நின்றது. வாத்தியக்காரர் பியர் குடிக்கக் குனிந்துவிட்டார்கள்.

கோசலைக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. வீட்டில்கூடச் சத்தம் போட்டுக் கூப்பிடாதவள், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "ஆங்கோர்! இன்னொருக்கா!" என்று கத்தினாள். பச்சைத் தாடி கத்தியது. கிழவி கத்தினாள். புல்வெளி முழுக்க "ஆங்கோர்! ஆங்கோர்!" என்று குதித்தது. சிரித்துக்கொண்டே வயலின்காரன் வில்லை எடுத்தான்.

"ஷான்ஜே!"

பிரியதர்சினி கோசலையிடம் வந்து விழுந்தாள். பக்கத்தில் அண்ணனும் தம்பியும் நேருக்கு நேர்.

"அக்கா, எனக்குப் பாக்கப் பயமாக்கிடக்கு!"

"எனக்கும்தான். கையை விடாதை."

இரண்டு பேரும் கையை இறுக்கிக்கொண்டு கண்ணை மூடினார்கள். கரிகாலனின் குரல் கேட்டது.

"அண்ணை, நேற்று உங்கடை குடையை என்ரை காருக்குள்ளை விட்டிட்டுப் போயிட்டியள்."

கோசலை கண்ணைத் திறந்தாள். "நேற்றோ?"

அண்ணனும் தம்பியும் கைகோத்துப் பம்பரமாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். கரிகாலன் நாக்கைக் கடித்தான்.

"உளறிப்போட்டியேடா!" என்றார் யோகநாதன். "ஓம் கோசலை, கிழமைக்குக் கிழமை லா கூர்னெவிலை ஒரு கடையிலை இருந்து கோப்பி குடிக்கிறனாங்கள்."

"அப்ப ஒரு வருசமா நடிச்சனீங்களோ? நான் பிள்ளையாருக்கு நேத்தி வைச்சு அழுதது உங்களுக்கு விளையாட்டாப் போச்சோ?" கோசலைக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

மூச்சு வாங்க நின்ற யோகநாதன், இன்னமும் பிரியாமல் பிடித்தபடி இருந்த பெண்கள் இருவரின் கைகளையும் பார்த்துச் சிரித்தார்.

"நாங்கள் கோவிச்சாத்தானே நீங்கள் ரெண்டு பேரும் கதைப்பியள்!"