ராஜவேலு பார்த்துக் கொடுத்த கார்

சின்ன காஞ்சிபுரம் சன்னதித் தெருவில், காலை வெயிலில், மணமக்களோடு நின்றுபோயிருக்கிறது கலியனின் டாக்சி. இருந்த ரெண்டு தறியையும் விற்று வாங்கிய பழைய கார். இதுதான் முதல் சவாரி. பானட்டுக்கு அடியிலிருந்து வரும் புகை நாதஸ்வரக்காரரை இரும வைக்கிறது. பட்டுத் தரகர் ராஜவேலு விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் ஒளிந்து நிற்கிறார். அவர் உடம்புக்கு அந்தக் கம்பம் போதவில்லை. தங்கச்சி புருஷன் கலியனுக்கு இந்தக் காரைப் பார்த்துக் கொடுத்தவர் அவர்தான். பானட்டைத் திறந்து பார்த்த மெக்கானிக் பழனி தலை நிமிர்கிறான். "இன்ஜின் எப்பவோ செத்துப்போச்சுபா. வாங்கறப்போ யாரு பாத்தது?" "மச்சான்தான்பா. சீட்டுத் துணியைத் தடவிப் பாத்தாரு. பெயிண்ட்ட நகத்தால சுரண்டிப் பாத்தாரு. வெயில்ல நிறுத்தி மினுமினுப்பு பாத்தாரு," என்கிறான் கலியன், கோபமே இல்லாமல். "பானட்டு?" "அதத் தொறக்கணும்னு ரெண்டு பேருக்குமே தோணலபா." கூட்டம் சிரிக்கிறது. ராஜவேலுவின் காது சிவக்கிறது. கலியன் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருக்கிறது அவருக்கு. காருக்குள் மணப்பெண் மட்டும் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்து, தன் கூறைப்புடவைச் சரிகையை நகத்தால் மெல்லச் சுரண்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதையும் பார்த்துக் கொடுத்தவர் ராஜவேலுதான்.