ஒரு ஆளுக்கு இடம்

முர்ஷித் தன் காரின் பின்சீற்றில் ஒரு பாதியை மடித்து, பெரிய பெட்டியை நீளவாக்கில் உள்ளே தள்ளினான். அதன் மேல் இரண்டாவது பெட்டி. டிக்கிக் கதவு மூன்றாம் தரம் அடித்துச் சாத்தியபோதுதான் மூடியது.

"அன்ட்டி, ஜனாவோட இன்னும் ஒராள் வரலாம். அதுக்கு மேல ஏலாது."

கனகேஸ்வரி காருக்குள் எட்டிப் பார்த்தாள். முன்னால் ஜனா இருப்பான். பின்னால், மடிக்காத பாதியில் ஒருவர் இருக்கலாம். அதுவும் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு. வெள்ளவத்தைச் சந்தைக்குப் போய் மரக்கறி வாங்கி வரச் செய்த கார், அவள் மகனைக் கனடாவுக்கு அனுப்ப வந்து நிற்கிறது.

பேசி வைத்த வான் இரத்மலானையில் பழுதாகி நின்றுவிட்டது. மழையும் பிடித்துவிட்டது. போனில் எத்தனை தரம் தட்டிப் பார்த்தும் வேறு வாகனம் அகப்படவில்லை. கடைசியில் கீழ்வீட்டு முர்ஷித்தான் கைகொடுத்தான். ஐந்தரைக்குள் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் நிற்க வேண்டும். நாலாகப் பத்து நிமிடம் இருந்தது.

மூன்றாவது பெட்டி மாடிப்படியில் கிடந்தது. நாலு நாளாய் நின்று அவள் வறுத்து, இடித்து, கட்டியதெல்லாம் அதற்குள். அதை இறக்கச் சொன்னபோது அவளே இழுத்து இறக்கினாள். மற்ற இரண்டில் ஒன்று குளிருடுப்பு, ஒன்று லிப்ட் திருத்தும் வேலைக்கான சாமான்கள். அவற்றை விட்டுவிட்டுப் போக முடியாது.

"யதுஷா வரட்டும் அம்மா" என்றான் ஜனா. நிலத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னான்.

கல்யாணம் முடிந்து ஐந்து மாதம். அவன் கேட்டதில் பிழை இல்லை. பிழை சொல்ல முடியாமல் இருந்ததுதான் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. தகப்பன் போனபோது அவனுக்கு ஏழு வயது. அன்றிலிருந்து ஒற்றை ஆளாய் இழுத்து வந்தவளுக்கு, இந்தக் கடைசி ஒன்றரை மணித்தியாலம் கூடக் கிடையாதா? இனி மூன்று வருடத்துக்கு அவன் முகத்தைப் போனில்தான் பார்க்க வேண்டும்.

வாயில் வந்ததைச் சொன்னாள்.

"மூண்டு பேராய் வெளிக்கிடக் கூடாது. நல்ல காரியத்துக்குப் போகேக்க அது சரிவராது."

"டிரைவரையும் சேர்த்து ஆரம்மா எண்ணுறது?"

"ஏன், முர்ஷித் மனுசன் இல்லையோ?"

முர்ஷித் மழையைப் பார்க்கிற சாட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இதில் சம்பிரதாயம் கால்வாசி, எரிச்சல் முக்கால்வாசி என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். கனகேஸ்வரிக்கும் தெரியும். ஆனால் சொல்லியாயிற்று. பயண நேரத்தில் தாயின் வாயிலிருந்து விழுந்த சொல்லைத் தாண்டிப் போக ஜனாவுக்குத் துணிவு கிடையாது. போன வருடம் டோஹாவில் கிடைத்த வேலையை, அம்மாவுக்குக் காய்ச்சல் என்று விட்டுவிட்டு நின்றவன் அவன். காய்ச்சல் மூன்று நாளில் மாறியது. வேலை போனது போனதுதான்.

"அப்ப நான் தனியப் போறன்" என்றான். "ஒருத்தரும் வர வேண்டாம்."

இவ்வளவு நேரமும் யதுஷா குடையை மாமியின் தலைக்கு மேல் பிடித்தபடி தான் நனைந்துகொண்டு நின்றாள். இப்போது மாமியின் முழங்கையைப் பிடித்து, படிக்கட்டுக்குக் கீழே இரண்டடி தள்ளிக் கூட்டிப்போனாள்.

"மாமி, மூண்டு பேரில்லை. நாலு."

கனகேஸ்வரி விளங்காமல் பார்த்தாள்.

"நேற்றுத்தான் டொக்டர் சொன்னவ. அவருக்கு இன்னும் சொல்லேல்லை. சொன்னா போகமாட்டார். அங்க போய் இறங்கினாப் பிறகு சொல்லுவம்."

சொல்லுவம் என்றாள். மாமியையும் சேர்த்துக்கொண்டுதான் சொன்னாள் என்பது கனகேஸ்வரிக்கு ஒரு கணம் கழித்துத்தான் உறைத்தது.

ஒரே ஒரு சொல் போதும். "ஜனா" என்று கூப்பிட்டுச் சொல்லிவிட்டால் முர்ஷித் பெட்டிகளை இறக்குவான். பிள்ளை நாளைக்கும் இந்த வீட்டில்தான் தேத்தண்ணீர் குடிப்பான். அதற்கடுத்த நாளும். விசா வந்த நாளிலிருந்து கோயிலில் கண்ணை மூடும்போதெல்லாம், ஏதாவது வந்து இந்தப் பயணம் நின்றுவிடாதா என்றுதான் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே யாரிடமும் சொன்னதில்லை. கேட்டது வந்துவிட்டது. சந்தோசமும் பயமும் ஒன்றாய் வந்தன.

யதுஷா அவளுடைய முழங்கையை இன்னும் விடவில்லை.

"அம்மா, நேரம் போகுது!" ஜனா கத்தினான்.

கனகேஸ்வரி காரடிக்குப் போனாள். பின்கதவைத் திறந்தாள். சாறித் தலைப்பால் அந்தப் பாதிச் சீற்றைத் துடைத்தாள். மேலே இருந்த பெட்டி இந்தப் பக்கம் சரிந்து விழாதபடி தன் கையாலேயே உட்பக்கம் தள்ளி, முர்ஷித்திடம் கயிறு வாங்கி இழுத்துக் கட்டினாள். பிறகு யதுஷாவின் தோளைப் பிடித்து மெதுவாய் உள்ளே இருத்தினாள்.

"தம்பி முர்ஷித், பள்ளம் திட்டி பாத்து ஆறுதலா ஓட்டு."

ஜனா நம்ப முடியாமல் தாயைப் பார்த்தான்.

"மூண்டு பேர் போகக் கூடாதெண்டு நீங்கள்தானே அம்மா சொன்னனீங்கள்?"

"எனக்கு எண்ணத் தெரியும்" என்றாள் கனகேஸ்வரி. "நீ ஏறு."