ஒண்ணாங்கிளாஸ் சித்தப்பா

"கொஞ்சம் குனிஞ்சு உட்காருங்க சித்தப்பா. பின்னால இருக்கறவங்களுக்கு போர்டு மறைக்குதாம்."

மிஸ் சொன்னதும் அவன் குனிந்தான். ஆறு வயதுக்காரர்களுக்காகச் செய்த பெஞ்சு அது. ஏற்கெனவே முழங்கால் முகவாயைத் தொட்டுக்கொண்டிருந்தது. இதற்கு மேல் குனிந்தால் பெஞ்சுக்கு அடியில்தான் போக வேண்டும்.

பக்கத்தில் அவனுடைய அண்ணன் மகள், ஒரு கவலையும் இல்லாதவளாகப் படுத்த கோடும் நின்ற கோடும் போட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் வாசலில் ஊரைக் கூட்டியவள் இவள்தான் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். "சரி பாப்பா, நான் வீட்டுக்குக் கிளம்பறேன்" என்று அவன் வாயைத் திறக்க வேண்டியதுதான், அழுகை ஆரம்பமாகிவிடும். அவனும் கூடவே வந்து உட்கார்ந்தால்தான் நிற்கும்.

"இந்த ஒரு வாரம் பொறுத்துக்கறேன்" என்று தலைமையாசிரியை முதல் நாளே சொல்லிவிட்டார். "அடுத்த திங்கக்கிழமை தனியா உட்காரணும். அழுதா அடுத்த வருஷம் கூட்டிட்டு வாங்க. ஒரு வருஷம் போனா ஒண்ணும் குடி முழுகிடாது."

ஒரு வருஷம் வீணாகப் போவது எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். கல்லூரியை முடித்து வந்த பிறகு அப்படி இரண்டு அவனிடம் இருந்தன.

அண்ணனும் அண்ணியும் விடிந்ததும் வேலைக்குக் கிளம்புகிறவர்கள். ஓய்வுபெற்ற அப்பாவை விட்டால் வீட்டில் சும்மா இருந்தவன் இவன் ஒருவன்தான். இந்த ஏற்பாட்டைப் பற்றி அப்பா, செய்தித்தாளை மடிக்காமலே கருத்துச் சொன்னார்.

"டிகிரி முடிச்ச துரை ஒண்ணாங்கிளாஸுக்குப் போறாரு. படிப்பு எந்த இடத்துல தப்பாப் போச்சுன்னு ஆரம்பத்துலேர்ந்து சரிபார்க்கிறாரு போல."

உண்மையில் அவனுக்கு அந்த வகுப்பறை பிடித்துவிட்டது. சாக்பீஸ் தூளின் வாசனை மாறவே இல்லை. பென்சில் சீவிய சுருளை இப்போதும் பத்திரப்படுத்துகிறார்கள், எதற்கென்று இப்போதும் யாருக்கும் தெரியவில்லை. படத்தில் சூரியன் இன்னும் மூலையிலேயேதான் இருக்கிறது. அவனும் ஒன்று வரைந்தான். மிஸ் 'நன்று' போட்டார். கல்லூரியில் மூன்று வருஷம் யாரும் போடாத வார்த்தை.

கைகோத்து வரிசையில் நடந்தபோது அவனுடைய முதல் வகுப்பு ஞாபகம் வந்தது. அன்று அவனும் அழுதான். அப்பா வேலைக்குப் போகாமல் ஜன்னலுக்கு வெளியே பதுங்கி நின்றார். மறைந்து நிற்பதாக அவருக்கு நினைப்பு. வழுக்கை முழுசாகத் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டேதான் அவன் எழுத்துகளைக் கற்றான். அந்த மனுஷனும் செய்தித்தாள் மனுஷனும் ஒரே ஆள் என்பதை நம்பச் சிரமமாக இருந்தது.

வியாழக்கிழமை 'நம் வீட்டில் யார் என்ன வேலை செய்கிறார்கள்' என்ற பாடம். ஒருத்தி அம்மா நர்ஸ் என்றாள். ஒருத்தன் மாமா லாரி ஓட்டுகிறார் என்றான். இவள் எழுந்து நின்றாள்.

"எங்கப்பா கண்ணாடிக் கடையில இருக்காரு. அம்மா பேங்க். சித்தப்பா ஒண்ணாங்கிளாஸ் படிக்கிறாரு."

யாரும் சிரிக்கவில்லை. பின்னால் ஒருத்தன் மட்டும், "நல்லாவே படிக்கிறாரு மிஸ்" என்று சாட்சி சொன்னான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவன் பைக்குள் கைப்பேசி அதிர்ந்தது. "மிஸ், சித்தப்பா போன் பாக்கறாரு" என்று வகுப்பே காட்டிக்கொடுத்தது. அவன் எழுந்து வராந்தாவுக்குப் போன மாத்திரத்தில் உள்ளே அழுகை கேட்டது.

எப்போதோ நேர்முகத் தேர்வுக்குப் போய்வந்த குளிர்பதனக் கிடங்கிலிருந்து பேசினார்கள்.

"செலக்ட் ஆயிருக்கீங்க. பின்னால என்ன சத்தம்?"

"கிளாஸ்ல இருக்கேன் சார்."

"படிப்பை முடிச்சிட்டதா எழுதியிருந்தீங்களே?"

"ஒரு சின்ன அரியர் சார். இன்னிக்கு முடிஞ்சிடும்."

"திங்கக்கிழமை காலைல வந்து சேர்ந்துடுங்க."

"ஒரு வாரம் கழிச்சு வரலாமா சார்?"

"தாராளமா. ஆனா அந்த நாற்காலியில வேற ஆள் இருப்பாரு. சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க."

பள்ளி விட்டு நடந்து வரும்போது அவன் மனதுக்குள் ஒரு தராசு ஆடிக்கொண்டே இருந்தது. ஒரு தட்டில் அவன் வேலை, இன்னொன்றில் அவளுடைய வருஷம். இவளிடம் சொல்லிப் பார்ப்பது, அழுதால் வேலை வேண்டாம் என்று சொல்லிவிடுவது. அந்த முடிவோடு ஒரு கடையின் மூடிய ஷட்டர் ஓரமாக அவள் முன் மண்டியிட்டான்.

"பாப்பா, சித்தப்பாவுக்கு வேலை கிடைச்சிருக்கு."

"எங்க?"

"ஐஸ் மாதிரி ஜில்லுனு ஒரு இடம். திங்கக்கிழமைலேர்ந்து போகணும். அதனால கிளாஸுக்கு வர முடியாது."

அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அது கோணவில்லை. அவள் ஏதோ கணக்குப் போட்டாள்.

"தினமும் போவியா?"

"தினமும்."

"இருட்டற வரைக்கும் வீட்டுக்கு வர மாட்டியே?"

"வர மாட்டேன்டா." அவன் குரல் இறங்கியது. "அழக் கூடாது, சரியா?"

அவள் தோளிலிருந்த பையைக் கழற்றி அவன் கையில் கொடுத்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள்.

"அப்பாடா. நீ பகல்ல வீட்ல இருந்தா தாத்தா திட்டிட்டே இருப்பாருன்னுதான் அழுதேன். தொண்டையெல்லாம் வலிக்குது சித்தப்பா."