குறையே இல்லாத மருமகள்

"மாட்டிக்கிட்டா" என்றார் குமரப்பன், மூக்குக் கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டே. "அழகம்மை, இன்னொரு ஆளு மாட்டிக்கிட்டா."

அவர் மனைவி அழகம்மை காபியைக் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தாள். யார் என்று கேட்கவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் அந்த வீட்டில் ஒரு வாரமாக இதே பேச்சுதான்.

குமரப்பன் பேங்க் ஆபீசராக இருந்து ரிட்டயர் ஆனவர். சும்மா உட்காரத் தெரியாத மனுஷன். டிவியில் வரும் ஒரு குடும்ப சீரியலின் ரசிகர்களுக்கு ஃபேஸ்புக்கில் குரூப் நடத்துகிறார். அந்த சீரியல் ஆட்களை வைத்து ரசிகர்களே புதுக்கதை எழுதலாம் என்று போட்டியும் வைத்துவிட்டார். முதல் பரிசு, போர்ட்டிக்சன் கடற்கரை ஹோட்டலில் ரெண்டு நாள். மஸ்ஜித் இந்தியா கடைத்தெருப் புடவைக்கடைக்காரர் ஒருவரை நச்சரித்து வாங்கியது.

விதிகள் மொத்தம் பதினொன்று. அதில் மூன்றாவதுதான் அவருக்கு உயிர். எழுதுகிறவர் தன்னையே குறையில்லாத ஆளாக்கிக் கதைக்குள் நுழைக்கக் கூடாது.

யார் கேட்டார்கள்? டெங்கில்காரர் ஒருவர் ஆறடி உயர வக்கீலாக நுழைந்து, ஒரே வாய்தாவில் கதாநாயகியை ஜெயிலிலிருந்து மீட்டு, அவளுக்குத் தாலியும் கட்டிவிட்டார். பங்சார் டியூஷன் டீச்சர் ஒருத்தி கதாநாயகியின் தொலைந்துபோன தங்கையாக வந்து சேர்ந்தாள். அக்காவை விட அழகு, ஏழு பாஷை, போதாததற்கு வீணை வேறு. எல்லாரையும் தூக்கிக் கடாசினார் குமரப்பன்.

மாதிரிக்கு என்று அவரே எழுதிய கதையில் ஒரு ரிட்டயர்ட் பேங்க் ஆபீசர் வருவார். ரெண்டே பக்கத்தில் அந்தக் குடும்பத்தின் சண்டை முழுவதையும் தீர்த்து வைப்பார். அதைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. நடுவரை யார் கேட்பது?

இன்றைக்கு மாட்டியவள் கிள்ளானிலிருந்து எழுதும் தாமரை. லைக்குகளில் அவள் கதைதான் முதலிடம். சாயங்காலம் முடிவை அறிவிக்க வேண்டும். அதற்குள் இந்த அக்கிரமத்தைத் தட்டிக் கேட்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"தாமரையா? நடுவர் குமரப்பன் பேசறேன்."

"வணக்கம் சார்." அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. "ஜெயிச்சிட்டேனா சார்?"

"அவசரப்படாதம்மா. உன் கதையில ரெண்டு மருமகளைப் புதுசா சேத்திருக்கே. சின்னவ ரூபிணி, வில்லி. அவளை நல்லாத்தான் எழுதியிருக்கே, ஒத்துக்கறேன். ஆனா பெரியவ தேவகின்னு ஒருத்தி இருக்காளே, அவ யாரு?"

"ஏன் சார்?"

"காலைல நாலு மணிக்கு எழுந்திரிக்கிறா. மாமியாருக்கு ஓட்ஸ், புருஷனுக்கு தோசை, பிள்ளைங்களுக்கு நாசி லெமாக்குன்னு தனித்தனியா சமைக்கிறா. அப்புறம் ஃபேக்டரிக்கு வேலைக்குப் போறா. வாரத்துல மூணு நாள் மாமியாரை டயாலிசிஸ் கூட்டிட்டுப் போறா. ஒரு தடவைகூட முகம் சுளிக்கலை. இப்படி ஒரு பொம்பளை உலகத்துல உண்டா?"

அழகம்மை அவருடைய பிரஷர் மாத்திரையைப் பாதியாக உடைத்துத் தண்ணீரோடு நீட்டினாள். அவர் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

"உண்மையைச் சொல்லும்மா. உன்னையே நீ கதைக்குள்ள நுழைச்சிருக்கியா, இல்லையா?"

அந்தப் பக்கம் அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.

"ஆமா சார். நுழைச்சேன்."

குமரப்பனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "கேட்டியா அழகம்மை? நான் சொன்னேன்ல. என் கண்ணுல மண்ணைத் தூவ முடியுமா?"

"சார், அதுக்காகப் பரிசு இல்லைன்னு சொல்லிடாதீங்க லா. அந்த ரெண்டு நாளுக்காகத்தான் எழுதினேன். பரிசுன்னு சொன்னாத்தான் வீட்டுல விடுவாங்க. தனியாப் போய் நல்லாப் படுத்துத் தூங்கணும் சார்."

குமரப்பன் அசையவில்லை.

"விதின்னா விதிதான்மா. தன்னைத்தானே தெய்வமாக்கிக்கிட்டா அதுக்குப் பேரு கதையில்லை, சுயபுராணம். தேவகி மாதிரி இருக்கணும்னு நீ ஆசைப்படறது தப்பில்லை. அதைக் கொஞ்சம் அடக்கி வாசிச்சிருக்கலாம்."

"தேவகி மாதிரியா?" தாமரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதுக்கு ஆசை வேறயா சார்? தேவகியை நான் கற்பனையே பண்ணலை. வீட்டுல தினமும் நான் செய்யறதை அப்படியே எழுதி வச்சேன். முகம் சுளிக்க எங்க சார் நேரம்? நான் ஆசைப்பட்டு நுழைஞ்சது ரூபிணியாத்தான்."

"வில்லியாவா?"

"ஆமா சார். அவ ஒன்பது மணி வரைக்கும் தூங்குறா. பசிச்சா தனக்கு மட்டும் மீ கோரெங் வாங்கிச் சாப்பிடுறா. யாராச்சும் தண்ணி கேட்டா, கை இல்லையான்னு கேக்கறா. அவளை எழுதும்போது எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு சார்."

குமரப்பன் விதிப் பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். உள்ளதை உள்ளபடி எழுதுவதைப் பற்றியோ, வில்லியாக நுழைவதைப் பற்றியோ பதினொன்றிலும் ஒரு வார்த்தை இல்லை. 'குறையில்லாத ஆளாக' என்று அவரே கொட்டை எழுத்தில் போட்டிருந்தார். ரூபிணியிடம் குறைக்கா பஞ்சம்?

"சரி, சரி" என்று முனகினார். "பரிசு உனக்குத்தான். சாயங்காலம் போடறேன்."

போனை வைக்கப் போனவரின் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டாள் அழகம்மை.

"தாமரை, நான் இவரோட வீட்டுக்காரம்மா பேசறேன். அடுத்த கதையில அந்த ரூபிணிக்கு ஒரு அக்காவைச் சேத்துக்கம்மா. பேரு அழகம்மைன்னு வை."